ஒரு பகலும் ஒரு கூத்து இரவும்: புதுச்சேரியைத் தனியாகச் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்குத் தனியாக வருகிறவர்களில் பலர் கடற்கரையைப் பார்த்துவிட்டு, மஞ்சள் சுவர் வீதிகளில் நாலு படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான், ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிராமத்தில், திரௌபதி அம்மன் கோயில் பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் கண்ணாடியை முழங்காலில் சாத்திக்கொண்டு அரிதாரம் பூச உட்காருவார். அந்த இரவைப் பார்க்காமல் போகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரி. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி வந்துவிடலாம். பல வருஷமாக, சித்திரை பிறந்தால் ஒரு நாளாவது இப்படித் தனியாக வருகிறேன். பகலில் அருங்காட்சியகமும் கவிஞர்களின் வீடுகளும், இரவில் கூத்து. கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: அன்றைய திட்டத்தை இரவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். விடிய விடிய உட்கார வேண்டியவர், பகலில் எல்லா இடத்தையும் பார்க்க ஆசைப்படக் கூடாது.

முதல் வேலை: கூத்து எங்கே?

பங்குனி முதல் ஆடி வரை கூத்துக் காலம். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பாரதக் கதை நாள்கணக்கில் ஓடும். கடைசியில் துரியோதனன் விழும் காட்சியான படுகளம், பிறகு தீமிதி. சில ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்பார்கள். விழாவை அக்னி வசந்தம் என்றும் சொல்வார்கள். நோட்டீஸில் எந்தப் பெயர் இருந்தாலும் அதே விழாதான்.

இதற்கு இணையத்தில் தேடிப் பயனில்லை. வில்லியனூர், பாகூர், திருக்கனூர் போகும் சாலைகளில் சுவரொட்டிகளைப் பாருங்கள். டீக்கடையில், பூக்கடையில், "இந்தப் பக்கம் எங்கனா கூத்து வுடறாங்களா?" என்று கேளுங்கள். "தெருக்கூத்து நிகழ்ச்சி" என்று கேட்டால் யோசிப்பார்கள். "கூத்து வுடறது" என்றால் உடனே புரியும். அச்சடித்த நோட்டீஸ் கிடைத்தால் அதுவே உங்கள் வழிகாட்டி. எந்த இரவு எந்தக் கதை, எந்த நாடக மன்றம் என்று வரிசையாக இருக்கும்.

எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது? முதல்முறை என்றால் மூன்று இரவுகளில் ஒன்றைச் சொல்வேன். ஒன்று, பகடை துகில்: சூதாட்டமும் துகிலுரிதலும். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டு புரியாவிட்டாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். இரண்டாவது, அர்ச்சுனன் தபசு. உயரமான கம்பத்தைத் தபசு மரமாக நட்டிருப்பார்கள். வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரத்துணியோடு கீழே மடி ஏந்தி நிற்பார்கள். மூன்றாவது, பதினெட்டாம் போர்: பாரதப் போரின் கடைசி நாள். அதைப் பார்த்தால் விடிந்ததும் படுகளமும் பார்க்கலாம்.

கர்ண மோட்சம் மிகச் சிறந்த கூத்து. ஆனால் அதைக் கருமாதி வீடுகளிலும் நடத்துவார்கள். திருவிழாவில் வந்தால் தாராளமாகப் போங்கள். சாவு வீட்டுக் கூத்து என்றால், அந்த வீட்டார் யாராவது கூப்பிட்டால் ஒழியப் போக வேண்டாம்.

கூத்துக் காலம் இல்லாத மாதங்களில் வருகிறவர்கள் வேறு வாசல்களைத் தட்டலாம். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாணவர்களின் நாடகங்கள் அரங்கேறும். ஊருக்குள் கம்பன் கலையரங்கம், அலியான்ஸ் பிரான்சேஸ் வாசல்களில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஆரோவில் பக்கம் ஆதிசக்தி நாடகக் குழுவின் வளாகம் இருக்கிறது. அங்கெல்லாம் நாடகம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்பதால், கீழே நான் சொல்லும் மதியத் தூக்கம் தேவைப்படாது.

விடியற்காலை: கடற்கரை

ஆறரைக்குள் கடற்கரைச் சாலையில் இருங்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காலை வேளையில் அலைச் சத்தமும் நடைப்பயிற்சி செய்கிறவர்களின் செருப்புச் சத்தமும்தான். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கிட்டப் போய்ச் செதுக்கலைப் பாருங்கள். பலர் அவற்றின் நிழலில் உட்கார்ந்துவிட்டு, தூணையே பார்க்காமல் எழுந்து போகிறார்கள். எதிரே 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். தெற்குக் கோடியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலை.

வெயில் ஏறியதும் பாரதி பூங்காவுக்குள் வாருங்கள். நடுவில் இருப்பது ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னம். ஆயி ஒரு தாசி, தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, அவள் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது இந்த மண்டபம். ஆடவும் பாடவும் தெரிந்த குலத்தில் பிறந்த ஒருத்தியின் பெயர் ஒரு ஊரின் அடையாளமாக நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது. தனியாக வந்தால் இங்கே அரைமணி நேரம் உட்காரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பத்து மணிக்கு: அருங்காட்சியகம்

பூங்காவை ஒட்டியே செயின்ட் லூயி வீதியில் புதுச்சேரி அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை; அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். மதியச் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. அதனால் காலையில் திறந்ததும் போவதுதான் நல்லது.

எல்லா அறைக்கும் சமமாக நேரம் கொடுக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டில், நாற்காலி, ஆள் வைத்துத் தள்ளிய புஷ்புஷ் வண்டி ஆகியவற்றை நடந்துகொண்டே பார்த்துவிடலாம். நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று, அரிக்கமேட்டுப் பொருட்கள். அரிக்கமேடு பழைய காலத்துத் துறைமுக ஊர்; அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த ஆற்றைத் தாண்டித்தான் வருகிறோம். 1945இல் ஆங்கிலேய அகழாய்வாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார்; அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் கசால் தொடர்ந்தார். ரோம் நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், இங்கேயே செய்த கண்ணாடி மணிகளும், கல்மணிகளும் கிடைத்தன. இன்றைக்கு அந்த மேட்டுக்குப் போனால் மரங்களும் பழைய செங்கல் சுவர்களும்தான். மண்ணுக்குள் இருந்ததைப் பார்க்க இந்த அறைக்குத்தான் வர வேண்டும். மணிகளைக் குனிந்து பாருங்கள். கடுகளவு மணியில்கூட நூல் கோக்க ஓட்டை போட்டிருக்கிறான் ஒரு கைவினைஞன்.

இன்னொன்று, செப்புத் திருமேனிகள். ஆடும் சிவனோ நிற்கும் அம்மனோ, முன்னால் நின்று இடுப்பு ஒசிவையும், கை முத்திரையையும், தலையில் மகுடம் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி கூத்தில் மரக் கிரீடமும் தோளில் புஜகட்டையும் கட்டிக்கொண்டு ஒருவர் திரையை விலக்கி நிற்கும்போது, காலையில் பார்த்த சிலை எழுந்து வந்த மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

வாய்க்காலைத் தாண்டி: இரண்டு கவிஞர்களின் வீடு

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. தெருத் திண்ணை, முன்னால் தாழ்வாரம், மரத்தூண். வீதிகள் நேர்கோட்டில் வெட்டிக்கொள்வதால் வழி தவறினாலும் கவலை இல்லை. கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும்.

பாரதியார் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. 1908இல் வெள்ளைக்காரன் கைக்கு எட்டாத பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர், பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியபோது பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். எங்கள் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வீட்டில் படங்களும் கையெழுத்துப் பிரதிகளும் நூலகமும் இருக்கின்றன.

வீதியின் பெயரைத் திரும்பப் படியுங்கள். தர்மராஜா கோயில். பாரதக் கதையின் தருமன். புதுச்சேரியில் இருந்த காலத்தில்தான் பாரதி பாஞ்சாலி சபதம் எழுதினார். முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. கூத்தில் பகடை துகில் என்று ஆடுகிற அதே கதை. இந்த வட்டாரத்து அம்மன் கோயில்களில் அந்தக் கதை எவ்வளவு உயிரோடு இருந்ததோ, இன்றும் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. அந்த வீட்டு முற்றத்தில் நின்று இரவுக் கூத்தை நினைத்தால், எழுத்தும் ஆட்டமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று தோன்றும். இது என் எண்ணம், ஆராய்ச்சி இல்லை.

நடந்தே போகக்கூடிய தூரத்தில் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்த ஊரிலேயே 1891இல் பிறந்தவர். கவிஞராகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் மறைந்த பிறகு, 1969இல், சாகித்திய அகாதமி விருது கிடைத்தது பிசிராந்தையார் என்ற நாடகத்துக்கு. நாடகம் பார்க்க வந்தவர் இந்த வீட்டைத் தவிர்க்கக் கூடாது. கால் வலித்தால் பத்து நிமிஷம் போதும்.

மதியம்: சாப்பாடு, பிறகு தூக்கம்

இதைத்தான் எல்லோரும் தவறாகச் செய்கிறார்கள். மதியம் மிச்சமிருக்கும் இடங்களைப் பார்த்துவிடலாம் என்று சித்திரை வெயிலில் அலைந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, சரியாகப் பெரிய வேஷம் வரும்போது தூங்கிவிழுவார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் துகிலுரிதலைத் தவறவிட்டேன். எழுந்து பார்த்தால் திரௌபதி விரித்த கூந்தலோடு நிற்கிறாள், சபதம் முடிந்துவிட்டது. அடுத்த பகடை துகிலுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டை அளவாக முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு அறைக்குப் போய்ப் படுங்கள். அறையை முன்பே போனில் பேசி, தனியாக வருவதையும் ராத்திரி வெளியே போய் விடிந்து திரும்புவதையும் சொல்லி உறுதி செய்யுங்கள். ஒரு தடவை தனியாக வந்த பெண் என்றதும், காலியாக இருந்த அறையை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். சனி, ஞாயிறுகளில் அறை வாடகை ஏறும். வார நாளில் கூத்து இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நாலரைக்கு எழுந்து ஒரு டீ. அறைக்குத் திரும்பும் வழியில் பழைய ரொட்டிக் கிடங்கு (பேக்கரி) ஏதாவது தென்பட்டால் ஒரு ரொட்டி வாங்கிப் பையில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும்.

மாலை: கருவடிக்குப்பம்

ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொண்டு கருவடிக்குப்பம் போங்கள். அங்கே சித்தானந்த சுவாமிகள் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோப்புதான் பாரதி உலவிய குயில்தோப்பு. அதே கருவடிக்குப்பத்து இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி.

தமிழ் நாடகத்துக்கு யாரையாவது தலைமையாசிரியர் என்று சொல்லலாம் என்றால் அவரைத்தான். 1867இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தார். நாடகங்களை எழுதினார், பாட்டுக் கட்டினார், 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துக் குழு தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அவர் கையில் பயின்றவர்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களுக்கு அவர் எழுதிய பாடல்களே அடிப்படை. கடைசிக் காலத்தில் நோயால் பேச்சும் நடமாட்டமும் போய், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வாயில் பாட்டை வைத்த மனிதருக்கு, முடிவில் குரலே இல்லை. அங்கே நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போடுவார்கள். மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும். இடுகாடு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்: அவருடைய இசை நாடகம் வேறு, இன்றிரவு நீங்கள் பார்க்கப்போகும் கூத்து வேறு. இசை நாடகத்துக்கு மேடையும் படுதாவும் உண்டு. கூத்து தரையில் ஆடுவது, பார்ப்பவர்கள் சுற்றி உட்கார. பாட்டு இல்லாமல் நகராதவை என்பதில் இரண்டும் உறவு.

இரவு: களரி

ஊர் திரும்பி இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்குள் கூத்து நடக்கும் ஊருக்குப் போய்விடுங்கள். கையில் போர்வை, உட்கார ஒரு விரிப்பு, தண்ணீர், சில்லறை, கொசு மருந்து, சார்ஜ் ஏற்றிய போன். சித்திரையிலும் விடியற்காலம் மூன்று மணிக்குக் காற்று குளிரும். கொண்டுவிட்ட ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி, விடிந்து வரச் சொல்லிவையுங்கள். போகும் ஊரின் பெயரை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

போனதும் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பெண்கள் உட்காரும் பக்கமாகப் பார்த்து, வயதான அம்மா ஒருவருக்கு அருகில் விரிப்பைப் போடுங்கள். "யாரு வூட்டுக்கு வந்திருக்க கண்ணு?" என்று கேட்பார்கள். "கூத்து பாக்க வந்தேம்மா" என்று சொன்னால் போதும். அன்றிரவு நீங்கள் அவர்கள் பொறுப்பு. கதையில் எங்கே இருக்கிறோம் என்பதிலிருந்து எந்த வேஷக்காரர் யாருடைய மகன் என்பது வரை காதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆண்களும் இப்படி ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் பிடிப்பது நல்லது. ஓரங்களில் குடித்துவிட்டு நிற்பவர்கள் இருப்பார்கள். நடுவில் உட்கார்ந்தால் அந்தத் தொல்லை வராது.

ஆட்டம் தொடங்கும் முன் வேஷம் கட்டும் இடத்துக்குப் போய், குழுவை நடத்தும் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு. தலையில் கட்டும் கிரீடமும் தோளில் கட்டும் புஜகட்டையும் கனமில்லாத மரத்தில் செய்தவை. கண்ணாடித் துண்டு ஒட்டிப் பளபளக்கும். கட்ட ஆரம்பித்த பிறகு அவர்களோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம். படம் எடுத்தால் பிளாஷ் போடாதீர்கள்.

பத்து மணி போல மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டும், அதாவது ஆட்டத்துக்கு முன் வரும் தொடக்க இசை. முகவீணை கையடக்கமான நாயனம். அதன் ஒலி வயல் தாண்டிப் போய் அடுத்த ஊரை எழுப்பும். பிறகு கட்டியக்காரன் வருவான். அவன் சேவகன், கோமாளி, கதை சொல்லி எல்லாம். அரசர்களிடம் ஊர்க்காரர்கள் கேட்க நினைக்கும் கேள்வியை அவன்தான் கேட்பான்.

பெரிய வேஷம் வரும்போது இருவர் திரைத்துணியைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல், பிறகு கிரீடத்தின் உச்சி, சலங்கைக் கால்கள். திரை ஆடும். பாட்டு ஏறும். துணி விலகியதும் வேஷக்காரர் சுழன்று வருவார். இதைத் தோற்றம் என்பார்கள். அவசரப்படாமல் நெடுநேரம் நடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "எப்போது கதை வரும்" என்று தவிப்பார்கள். தவிக்காதீர்கள், இதுதான் கூத்தின் உச்சம். விருத்தத்தில் நிலைமையைச் சொல்லி, தரு என்ற பாட்டுக்கு ஆடி, வசனத்தில் பேசி, மறுபடி பாட்டுக்கு வருவார்கள். பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கிப் பாடும்போது ஆடுபவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. அந்தக் கணக்கைக் கவனித்தால் எட்டு மணி நேரம் எப்படி ஆடுகிறார்கள் என்பது விளங்கும்.

நடுவில் ஊர்க்காரர்கள் வந்து வேஷக்காரர் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். பெயரும் ஊரும் மைக்கில் வரும். நீங்களும் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் "ஒரு ரசிகர்" என்று சொல்லச் சொல்லலாம். வருமானத்தில் அதுவும் ஒரு பங்கு என்பதால் நான் கொடுக்காமல் வருவதில்லை.

ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை தூக்கம் தள்ளும். எழுந்து ஒரு டீ குடியுங்கள், ரொட்டியைத் தின்னுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். முக்கியமான இடம் எப்போதும் அதற்குப் பிறகுதான் வரும். துகிலுரிதல் வந்துவிட்டால் கூட்டம் அடங்கிவிடும். திரௌபதி வேஷம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் அம்மாமார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். அங்கே நிற்பது அவர்களுக்கு அம்மன்.

விடிந்த பிறகு

பதினெட்டாம் போர் இரவு என்றால் உடனே கிளம்பிவிடாதீர்கள். கோயில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு. இரவு ஆடிய வேஷங்களே அங்கே வந்து கடைசிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். அன்று பாரதி வீட்டு முற்றத்தில் நின்று வந்தவர்களுக்கு அந்த ஒரு முடிச்சு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் தீமிதி, நெரிசல் அதிகம், தனியாக வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே தள்ளி நின்று பார்ப்பது போதும்.

மற்ற இரவுகளில் மங்களம் பாடி முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஜனம் விரிப்பைச் சுருட்டும். கொட்டகைப் பக்கம் போனால், தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தது பிடித்திருந்தால் நேரில் சொல்லுங்கள். அடுத்து எங்கே ஆட்டம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு அறைக்கு வந்து குளித்துவிட்டு, கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். அரியாங்குப்பம் ஆறு வரும்வரை விழித்திருக்க முடிந்தால், அரிக்கமேடு இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கண்டக்டரிடம் இறங்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.